ஒரு பொறிக்குள் பல பொறிகள்

மேலூர், திருமங்கலம் பக்கத்துக் கண்மாய்ப் பாசனத்தைப் பார்த்தவர்களுக்கு நீர்க்கட்டி என்ற பணியாளரைத் தெரிந்திருக்கும். சில ஊர்களில் அவரை நீர்பாய்ச்சி என்பார்கள். கண்மாய் ஒன்று, அதன் நீரை நம்பியிருக்கும் வயல்கள் பல. எந்த மடையை எப்போது திறப்பது, எவர் வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் விடுவது என்பதைக் கவனிப்பவர் அவரே. உழவர் எவரும் தாமாகச் சென்று மடையில் கை வைக்கலாகாது. தண்ணீர் வேண்டுமானால் நீர்க்கட்டியிடம் சொல்ல வேண்டும். அவர் முறை பார்த்துத் திறந்து விடுவார்.

கணிப்பொறி உலகிலும் இப்படியொரு நீர்க்கட்டி உண்டு. ஒரே கணிப்பொறியைப் பல கணிப்பொறிகளாகப் பகுத்துத் தரும் நிரல் அது. அதன் பெயர் ஹைப்பர்வைசர். அது பகுத்துத் தரும் ஒவ்வொரு பங்கையும் மெய்நிகர் கணிப்பொறி என்கிறோம். இந்தப் பங்குகள் ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கணிப்பொறி என்றே எண்ணிக்கொண்டு வேலை செய்யும். ஒன்றில் லினக்ஸ் ஓடும். பக்கத்ததில் விண்டோஸ் ஓடும். ஒன்று பழுதுபட்டு நின்றாலும் மற்றவை தம் வேலையைத் தொடரும்.

இன்று ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே, சொந்தமாக வாங்கிய ஒரு சர்வரில் இதை அமைத்துக்கொள்ள முடியும். இந்த நிலைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம்? அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அந்த வரலாற்றைச் சென்னையிலிருந்து தொடங்குவோம்.

துளையட்டைக் காலம்

1959ஆம் ஆண்டு மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னையில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் தொடங்கப்பெற்றது. 1973இல் அங்கு ஐ.பி.எம். 370/155 என்னும் பெரிய கணிப்பொறி நிறுவப்பட்டது. அந்நாளில் இந்தியாவிலிருந்த ஆற்றல்மிக்க கணிப்பொறிகளுள் அதுவும் ஒன்று. அதற்கெனத் தனிக் கூடமும் குளிர்சாதன வசதியும் வேண்டியிருந்தன. இந்த வகைப் பொறியின் நினைவகம் 256 கிலோபைட் முதல் 2 மெகாபைட் வரை இருக்கும். உங்கள் சட்டைப் பையிலுள்ள கைபேசியின் நினைவகம் 4 ஜிகாபைட் என்றால், அது அந்த 2 மெகாபைட்டைப்போல ஏறத்தாழ 2000 மடங்கு!

அக்காலத்தில் கணிப்பொறிக்கு வேலை கொடுப்பது எப்படி? நிரலின் ஒவ்வொரு வரியையும் ஒரு துளையட்டையில் பதிக்க வேண்டும். ஓர் அட்டையில் 80 எழுத்துகள். அட்டைக் கட்டைக் கணிப்பொறி மையத்தில் கொடுத்துவிட்டு வர வேண்டும். கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொறிக்குள் செல்லும். விடை தாளில் அச்சாகி வரும்போது, ஒரு காற்புள்ளி தவறியிருந்தாலும் நிரல் ஓடவில்லை என்றே வரும். அந்த ஓர் அட்டையைத் திருத்தி மீண்டும் வரிசையில் வைக்க வேண்டும்.

இதில் வீணானது எது என்று எண்ணிப் பாருங்கள். மனிதருடைய நேரம் வீணாயிற்று. அதே சமயம் பொறியின் நேரமும் வீணாயிற்று. அச்சிடும் கருவி மெல்ல அச்சிடும்போதும், காந்த நாடா சுழன்று நிற்கும்போதும், மின்னல் வேகத்தில் கணக்கிடவல்ல மையச் செயலகம் சும்மா காத்திருந்தது. அந்த இடைவெளியை இன்னொருவர்க்குக் கொடுத்தால் என்ன? இந்தக் கேள்விக்கான விடையை, சென்னைக்கு அந்தப் பொறி வருவதற்கு முன்பே, மேலை நாட்டு ஆய்வாளர் சிலர் தேடத் தொடங்கியிருந்தனர்.

கேம்பிரிட்ஜில் பிறந்த எண்ணம்

1961ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் ஒரு செயல்விளக்கம் காட்டினர். ஒரே கணிப்பொறியுடன் பல தட்டச்சு முனையங்களை இணைத்து, ஒவ்வொரு பயனாளிக்கும் நொடியின் ஒரு சிறு பங்கை மாற்றி மாற்றிக் கொடுத்தனர். மாறுதல் மிக விரைவாக நடந்ததால் ஒவ்வொருவரும் பொறி தமக்கே பணி செய்வதாக உணர்ந்தனர். இம்முறைக்குக் காலப் பங்கீடு என்று பெயர்.

அடுத்த ஆண்டு, 1962இல், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் குழுவினரின் அட்லஸ் கணிப்பொறி இயங்கத் தொடங்கிற்று. நிரல் கேட்கும் நினைவக முகவரி ஒன்று. உண்மையில் செய்தி இருக்கும் இடம் வேறொன்று. இரண்டையும் பொறியே பொருத்திப் பார்த்துக்கொண்டது. வேகமான நினைவகத்தில் இடம் போதாதபோது, சுழலும் காந்த உருளையையும் சேர்த்து ஒரே பெரிய நினைவகம்போலக் காட்டியது. இதுவே மெய்நிகர் நினைவகம்.

நேரத்தைப் பங்கிட வழி கிடைத்தது. நினைவகத்தைப் பங்கிடவும் வழி கிடைத்தது. இரண்டையும் சேர்த்து, முழுக் கணிப்பொறியையே பங்கிட்டால் என்ன என்று கேட்டவர்கள் மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனம் நடத்திய அறிவியல் மையத்தினர். ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோர் 1964இன் இறுதியில் பணியைத் தொடங்கினர். 360 வரிசைக் கணிப்பொறியின் 40ஆம் மாதிரியை எடுத்து, முகவரிகளை மாற்றித் தரும் தனி உறுப்பு ஒன்றை அதில் பொருத்தினர். சி.பி.-40 என்ற அவர்களுடைய நிரல் 1967 ஜனவரியில் அன்றாடப் பயனுக்கு வந்தது. அந்த ஒரே பொறி 14 கணிப்பொறிகளாகத் தோன்றியது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் நினைவகம் இருப்பதுபோல் காட்டப்பட்டது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். காலப் பங்கீட்டில் பலரும் ஒரே இயக்க முறைமையைப் பகிர்ந்துகொண்டனர். இங்கோ ஒவ்வொருவர்க்கும் ஒரு வெறும் பொறியே கொடுக்கப்பட்டது. அதில் எந்த இயக்க முறைமையை ஓட்டுவது என்பது அவரவர் விருப்பம். புதிய இயக்க முறைமையை எழுதிச் சோதிப்பவர் தம் பொறியை முடக்கிவிட்டாலும், மற்ற 13 பேருக்கும் அது தெரியவே தெரியாது.

1972 ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் இதன் வளர்ந்த வடிவத்தை வி.எம்./370 என்ற பெயரில் விற்பனைக்கு அறிவித்தது. சென்னைக்கு வந்த பொறியும் 370 வரிசையைச் சேர்ந்ததே. ஆனால் 155ஆம் மாதிரி 1970இல் வெளியானபோது முகவரி மாற்றும் உறுப்பு அதில் இல்லை. அதைத் தனியே வாங்கிப் பொருத்திக்கொள்ளும் வசதி 1972இல்தான் அறிவிக்கப்பட்டது. எவ்வளவு திறமையான நிரல் எழுதினாலும், வன்பொருள் ஒத்துழைக்காவிட்டால் பயனில்லை. இதே பாடத்தை உலகம் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் படிக்க நேர்ந்தது. அதைப் பின்னர்க் காண்போம்.

நிறுவனம் போனது, பொறி நின்றது

இடையில் நம் நாட்டில் ஒரு திருப்பம். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அயல்நாட்டு நிறுவனங்கள் தம் இந்தியக் கிளைகளில் வைத்திருக்கும் பங்கைக் குறைக்கும்படி பணித்தது. ஐ.பி.எம். அதற்கு இசையவில்லை. 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது.

அந்த நிறுவனத்தின் பொறிகள் நாடெங்கும் பல இடங்களில் ஓடிக்கொண்டிருந்தன. பராமரிக்க வேண்டியவர்கள் போய்விட்டால் பொறிகளின் கதி என்ன? அரசின் கணிப்பொறிப் பராமரிப்புக் கழகமான சி.எம்.சி. அந்தப் பொறுப்பை ஏற்றது. இந்தியப் பொறியாளர்கள் அப்பொறிகளின் உள்ளமைப்பைக் கற்று ஓடச் செய்தனர். சென்னைப் பொறியும் தொடர்ந்து பல ஆண்டுகள் மாணவர்களுக்குப் பயன்பட்டது. பொறியை விற்றவர் போனாலும், பொறியை அறிந்தவர் உள்ளூரில் இருந்தால் வேலை நிற்காது என்பதற்கு இது நல்ல சான்று.

பங்கீட்டின் இலக்கணம்

எந்தக் கணிப்பொறியை வேண்டுமானாலும் இப்படிப் பகுக்க முடியுமா? இதற்கு 1974இல் ஜெரால்டு போபெக், ராபர்ட் கோல்டுபர்க் என்ற இருவர் தெளிவான இலக்கணம் வகுத்தனர். நல்ல பங்கீட்டுக்கு அவர்கள் கூறிய இயல்புகள் மூன்று. முதலாவது, தனிப் பொறியில் எப்படி ஓடுமோ அப்படியே நிரல் மெய்நிகர் பொறியிலும் ஓட வேண்டும். இரண்டாவது, பெரும்பாலான ஆணைகளை மையச் செயலகமே நேரடியாக நிறைவேற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேகம் குறைந்துவிடும். மூன்றாவது, வளங்கள் யாவும் எப்போதும் மேற்பார்வை நிரலின் பிடியிலேயே இருக்க வேண்டும்.

இதை நம் கண்மாய்க்குப் பொருத்திப் பார்ப்போம். தன் வயலுக்குள் வரப்பு வெட்டுவதும் களை எடுப்பதும் உழவரின் சொந்த வேலை. அதற்கு எவர் அனுமதியும் வேண்டாம். மடையைத் தொடும் வேலை மட்டும் நீர்க்கட்டி வழியாக நடக்க வேண்டும். உழவர் ஒருவர் மடையைத் தொட்டால் அந்தக் கணமே நீர்க்கட்டிக்குத் தெரிய வேண்டும். கணிப்பொறியிலும் அவ்வாறே. கூட்டல், பெருக்கல் போன்ற ஆணைகள் தடையின்றி நடக்கும். பொறி முழுவதையும் பாதிக்கும் ஆணை ஒன்று வந்தால், செயலகம் அதை நிறுத்திக் கட்டுப்பாட்டை மேற்பார்வை நிரலிடம் ஒப்படைக்க வேண்டும். அந்நிரல் செய்ய வேண்டியதைத் தானே செய்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் வேலையைத் திருப்பிக் கொடுக்கும். பொறியைப் பாதிக்கும் ஆணைகள் அனைத்தும் இப்படிப் பிடிபட்டால் பங்கீடு இயலும் என்பதே அவர்கள் நிறுவிய தேற்றம்.

மறதியும் மறுபிறப்பும்

1980களில் விலை மலிந்த மேசைக் கணிப்பொறிகள் பரவின. ஆளுக்கொரு பொறி கிடைத்தபின் பங்கீட்டைப் பற்றிக் கவலைப்படுவார் யார்? பெரும்பொறிகளின் உலகத்தைத் தவிர மற்ற இடங்களில் இந்தக் கலை ஏறக்குறைய மறக்கப்பட்டது.

ஆனால் பொறிகள் பெருகப் பெருகப் பழைய சிக்கல் வேறு உருவில் திரும்பி வந்தது. மின்னஞ்சலுக்கு ஒரு சர்வர், கணக்குக்கு ஒரு சர்வர், நூலகத்துக்கு ஒரு சர்வர் என்று அடுக்கி வைத்தனர். ஒவ்வொன்றும் பெரும்பாலான நேரம் சும்மா இருந்தது. துளையட்டைக் காலத்தில் காத்திருந்த செயலகம் இப்போது பத்துப் பெட்டிகளில் காத்திருந்தது.

1997இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மெண்டல் ரோசன்பிளம் தம் மாணவர்களுடன் டிஸ்கோ என்ற ஆய்வு நிரலை வெளியிட்டார். 1998இல் அவரும் டயான் கிரீனும் வேறு சிலரும் வி.எம்.வேர் நிறுவனத்தைத் தொடங்கினர். அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாடு என்ன தெரியுமா? மேசைக் கணிப்பொறிகளில் பயன்பட்ட இன்டெல் வகைச் செயலகம் 1974இன் இலக்கணத்துக்கு உட்படவில்லை! பாப்எஃப் என்ற ஆணையை எடுத்துக்கொள்ளுங்கள். பொறியின் குறுக்கீடுகளை ஏற்கலாமா கூடாதா என்ற குறியை அது மாற்றவல்லது. சாதாரண நிரல் அதைச் செய்ய முயன்றால், செயலகம் எச்சரிக்கை எழுப்பாது, மாற்றத்தையும் செய்யாது, பேசாமல் கடந்து போகும். மடையைத் தொட்டதும் நீர்க்கட்டிக்குத் தெரியவில்லை. நீரும் வரவில்லை என்ற நிலை. பென்டியம் செயலகத்தில் இத்தகைய ஆணைகள் 17 உள்ளன என்று 2000ஆம் ஆண்டில் ஆய்வாளர் இருவர் எண்ணிக் காட்டினர்.

வி.எம்.வேர் நிறுவனத்தார், ஓடப்போகும் ஆணைகளை முன்கூட்டியே படித்து, தொல்லை தருபவற்றை மட்டும் வேறு ஆணைகளாக மாற்றி ஓட்டினர். 1999இல் அவர்களுடைய முதல் படைப்பு வெளிவந்தது. இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சென் குழுவினர் 2003இல் வேறு வழி கண்டனர். இயக்க முறைமையையே சிறிது திருத்தி, வேண்டியதை மேற்பார்வை நிரலிடம் நேரடியாகக் கேட்கும்படி செய்தனர். 2006இல் அமேசான் தொடங்கிய வாடகைக் கணிப்பொறிச் சேவை சென் நிரலின் மேல்தான் எழுப்பப்பட்டது. இன்று மேகக் கணிமை என்று நாம் சொல்வதன் அடித்தளம் இதுவே.

இறுதியில் வன்பொருள் செய்வோரே இறங்கி வந்தனர். 2005இல் இன்டெல், 2006இல் ஏ.எம்.டி. நிறுவனங்கள் தம் செயலகங்களில் பங்கீட்டுக்கென்றே தனி வசதியைச் சேர்த்தன. உடனே அவி கிவிட்டி என்ற இஸ்ரேலியர் அதைப் பயன்படுத்தி கே.வி.எம். என்ற சிறிய நிரலை எழுதினார். 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் கருநிரலில் அது இடம்பெற்றது. லினக்ஸ் எவரும் எடுத்துப் பயன்படுத்தவும், படிக்கவும், திருத்தவும் கூடியது. ஆகவே நீர்க்கட்டியின் வித்தை அன்றுமுதல் பொதுச் சொத்தாயிற்று.

உங்கள் சொந்தப் பொறியில்

கே.வி.எம்.மை எளிதில் கையாள உதவும் தொகுப்புகள் சில உள்ளன. ஆஸ்திரியாவின் வியன்னாவிலிருந்து 2008இல் வெளிவந்த பிராக்ஸ்மாக்ஸ் அவற்றுள் ஒன்று. டெபியன் லினக்ஸின் மேல் அமைந்த இதனைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். நிறுவ விரும்புவோர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில், உங்கள் செயலகத்தில் அந்தத் தனி வசதி உண்டா என்று பாருங்கள். லினக்ஸில் செயலக விவரத்தைக் கேட்டால், இன்டெல் பொறியில் வி.எம்.எக்ஸ். என்றும், ஏ.எம்.டி. பொறியில் எஸ்.வி.எம். என்றும் காட்டும். காட்டாவிட்டால் மனம் தளர வேண்டாம். பல பொறிகளில் பயாஸ் அமைப்பில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கும்.

அடுத்து நினைவகக் கணக்கு. 32 ஜிகாபைட் உள்ள சர்வரில் மேற்பார்வைக்கென 4 ஜிகாபைட்டை ஒதுக்கினால் மீதி 28. ஆளுக்கு 4 ஜிகாபைட் என்றால் 7 மெய்நிகர் பொறிகள். செயலகத்தின் நேரத்தை முறை வைத்துக் கொடுக்கலாம். அது நீரைப் போன்றது. நினைவகம் நிலத்தைப் போன்றது. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருவர் பயிரிட முடியாது.

நிறுவும் நிரலை ஒரு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து பொறியைத் தொடங்க வேண்டும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் வட்டு முழுவதும் அழிக்கப்படும். ஆகவே அதிலுள்ளவற்றைப் படியெடுத்த பிறகே தொடங்குங்கள். மாறாத பிணைய முகவரி ஒன்றைக் கொடுத்துவிட்டால், பிறகு சர்வருக்குத் திரைகூட வேண்டியதில்லை. பக்கத்துக் கணிப்பொறியின் உலாவியில் அந்த முகவரியையும் 8006 என்ற வாயில் எண்ணையும் தந்தால் கட்டுப்பாட்டுப் பக்கம் திறக்கும். அங்கிருந்தே புதிய பொறிகளை உருவாக்கலாம், நிறுத்தலாம், அழிக்கலாம்.

இயற்பியல் மாணவர் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. சர்வர் உட்கொள்ளும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிவரும். 200 வாட் சர்வர் என்றால், அறைக்குள் 200 வாட் அடுப்பு ஒன்று இரவுபகலாக எரிவதாகக் கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 4.8 யூனிட் மின்சாரம். மதுரையின் சித்திரை வெயிலில் காற்றோட்டமற்ற அறை இதற்கு ஆகாது. மின்தடையைத் தாங்க யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும்.

இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. ஏழு பொறிகளை ஒன்றில் அடக்கினால், அந்த ஒன்று பழுதானால் ஏழும் நிற்கும். எனவே காப்புப் படிகளை வேறொரு வட்டில், கூடுமானால் வேறோர் அறையில் வையுங்கள். பொறிகளுக்கிடையே உள்ள வரப்பும் முற்றிலும் கசியாதது என்று நம்பிவிடக் கூடாது. 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் குறைகள் செயலகத்தின் உள்ளமைப்பு வழியாகவே மறைவான செய்திகள் கசியக்கூடும் என்று காட்டின. திருத்தங்களை அவ்வப்போது ஏற்றி வருவது அவசியம்.

மடை யார் கையில்?

விலைக்கு வாங்கும் மென்பொருள் இருக்க, நாமே முயல்வது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அண்மை வரலாறு இதற்கு விடை தருகிறது. 2023 நவம்பரில் வி.எம்.வேர் நிறுவனத்தைப் பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கட்டி என்றும் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டது. இனி ஆண்டுச் சந்தாதான் என்றாயிற்று. 2024 பிப்ரவரியில் கட்டணமற்ற பதிப்பும் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் கட்டணமற்ற பதிப்பு ஒன்று மீண்டும் வந்தது. வணிக நிறுவனம் தன் கொள்கையை மாற்றிக்கொள்வதில் வியப்பில்லை. ஆனால் பல ஆண்டுகள் அதை மட்டுமே நம்பியிருந்தோர் அவசரமாக மாற்று வழி தேட நேர்ந்தது. 1978இல் நம் நாட்டில் எழுந்த கேள்வியே இது: கொடுத்தவர் கைவிட்டால், நடத்தத் தெரிந்தவர் நம்மிடையே இருக்கிறாரா?

இந்தக் கேள்வி பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. உசிலம்பட்டியிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் பேருந்தேறி வரும் மாணவரை நினைத்துப் பாருங்கள். வீட்டில் கணிப்பொறி இல்லாதவர், ஆய்வுக்கூடத்துப் பொறியை அஞ்சி அஞ்சித்தான் தொடுவார். கெட்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம்! அவருக்கென ஒரு மெய்நிகர் பொறியைக் கொடுத்துப் பாருங்கள். முக்கியக் கோப்புகளை அவர் அழித்துவிடலாம். இயக்க முறைமையே எழாதபடி செய்துவிடலாம். முன்பே எடுத்துவைத்த நிலைப்பதிவிலிருந்து சில நிமிடங்களில் பொறி பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கெடுத்துப் பார்த்துக் கற்கும் இந்த உரிமைதான் 1967இல் கேம்பிரிட்ஜ் மையத்தின் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது.

அன்று 14 பேர் பங்கிட்டுக்கொண்ட பொறி ஒரு கூடத்தில் வைக்க வேண்டிய அளவு பெரியது. இன்று அதைவிடப் பன்மடங்கு ஆற்றல் மேசைக்கடியில் அடங்குகிறது. உங்கள் கல்லூரியில் ஒதுக்கி வைக்கப்பட்ட சர்வர் ஏதேனும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால், வி.எம்.எக்ஸ். அல்லது எஸ்.வி.எம். என்ற சொல்லை அதில் தேடிப் பார்ப்பதிலிருந்து உங்கள் வேலை தொடங்கட்டும்.